போர் தண்ணீரும் மஞ்சள் துளிரும்: அத்தை வீட்டுத் தொட்டிகளுக்குச் செய்த வைத்தியம்

சென்னையில் தொட்டிச் செடி வளர்க்கும் யாரிடம் பேசினாலும் இந்தக் குறை வந்துவிடும்: துளிர் வருகிறது, ஆனால் மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை, இடைப்பட்ட இடமெல்லாம் வெளுப்பு. உரக்கடையில் சொன்னால் நுண்ணூட்டக் கலவை பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கி ஊற்றினால் கொஞ்ச நாள் தெளியும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். பல வீடுகளில் இதற்குக் காரணம் மண்ணில் சத்து இல்லாதது அல்ல. ஊற்றுகிற தண்ணீர்தான். மடிப்பாக்கத்தில் அத்தை வீட்டுச் செடிகளைப் பங்குனியில் தொடங்கி ஐப்பசி மழை வரை கவனித்துச் சரிசெய்ததில் எனக்கு இது உறுதியாகிவிட்டது. எதை எப்படிக் கண்டுபிடித்தேன், எந்த அளவில் என்ன கொடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன். இதே மாதிரி தண்ணீர் வருகிற வீடுகளுக்கு உதவும்.

அத்தைக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி. அதில் இரண்டு இட்லிப்பூ, ஒரு செம்பருத்தி, பெரிய தொட்டியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, அரளி. ஹாலில் மணிபிளான்ட், பீஸ் லில்லி, ஒரு அரிக்கா பாம். செடிகளை அவர் கவனிக்காமல் விட்டவர் இல்லை.

“மாசம் தவறாம மண்புழு உரம் போடறேன், எலும்புத்தூள் போடறேன். இட்லிப்பூவுக்கு இரும்புச் சத்து வேணும்னு சொன்னாங்கன்னு ஆணிகூடப் புதைச்சு வெச்சேன். இன்னும் என்னடா கேக்குது இது?” என்றார்.

சரி, முதலில் எதையும் வாங்க வேண்டாம், இலையைப் பார்ப்போம் அத்தை என்றேன்.

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும். தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் எல்லாம் இந்த வகை. அதனால் இவற்றின் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான் போன்ற நுண்ணூட்டங்களும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) போன இடத்திலேயே தங்கிவிடும், அல்லது மிகக் குறைவாகவே நகரும். இவை குறைந்தால் அடி இலை பச்சையாக இருக்கும்போதே நுனித் துளிர் வெளுக்கும்.

இட்லிப்பூ இரண்டிலும் அடி இலைகள் கரும்பச்சை. மேலே நான்கைந்து அடுக்கு இலைகள் மஞ்சள், நரம்புகள் வலை பின்னியது போலப் பச்சை. கடைசித் துளிர் கிட்டத்தட்ட வெள்ளை, ஓரம் கருகியிருந்தது. இரும்புக் குறைக்கு இதைவிடத் தெளிவான முகம் கிடையாது. எலுமிச்சையின் இலைகள் வேறு மாதிரி. புது இலைகள் சிறுத்து, குறுகி, கணுக்கள் நெருங்கி ஒரு கொத்தாக நின்றன. நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டுகள். எலுமிச்சைக் குடும்பத்தில் இது துத்தநாகக் குறையின் அடையாளம். செம்பருத்தியில் இரும்புக் குறை லேசாக இருந்தது. அரளிக்கு ஒன்றுமே இல்லை. கறிவேப்பிலையும் நன்றாகவே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹாலில் பீஸ் லில்லிதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அதில் துளிர் பச்சை. அடி இலைகளின் ஓரத்தில் மட்டும் பட்டையாக ஒரு மஞ்சள் விளிம்பு. அதே வீட்டில், பால்கனிச் செடிகளுக்கு நேர் எதிரான குறை.

மருந்துக்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். வேர் அழுகியிருந்தாலும் துளிர் இதே மாதிரி வெளுக்கும், ஏனென்றால் வேருக்கு மூச்சு இல்லாமல் இரும்பை எடுக்க முடியாது. அதனால் இட்லிப்பூவைத் தொட்டியோடு சாய்த்து மண் கட்டியை அப்படியே வெளியே எடுத்தேன். வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருந்தது, நாற்றம் இல்லை. பழுப்பாகக் குழைந்து, இழுத்தால் உறையாகக் கழன்று வந்திருந்தால் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. தண்ணீரைக் குறைத்து மண்ணை மாற்றுவதுதான் அதற்கு வழி.

தண்ணீரை அளந்தது

மண் தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்ணின் மேலும் ஒரு வெள்ளைப் படலம். அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டேன், நுரைத்துப் பொங்கியது. பொங்கினால் அது சுண்ணாம்புக் கார்பனேட், தண்ணீரிலிருந்து வந்தது. பொங்காமல் கரைந்து போனால் பெரும்பாலும் உர உப்பு. செலவில்லாத சோதனை, யாரும் செய்யலாம்.

டி.டி.எஸ். மீட்டர் அத்தை வீட்டிலேயே இருந்தது. போர் தண்ணீர், அதாவது போர்வெல் தண்ணீர், 1,100 காட்டியது. ஆனால் நம் பிரச்சினைக்கு டி.டி.எஸ். பாதிக் கதைதான் சொல்லும். அது உப்புகளின் மொத்தக் கணக்கு. மண்ணைக் காரமாக்குவது அதிலுள்ள பைகார்பனேட். அதை அளக்க மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கே.எச். சோதனை மருந்து போதும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டால் கிடைக்கும். குறிப்பிட்ட அளவு தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் காரத்தன்மை. போர் தண்ணீருக்கு 14 சொட்டு ஆனது. அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம். நாள்தோறும் இதை ஊற்றினால் மண் காரத்தன்மைக்கு ஏறுவதைத் தடுக்க முடியாது. இட்லிப்பூத் தொட்டி மண்ணை ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் கலக்கி பி.எச். தாளில் (அமிலமா காரமா என்று காட்டும் தாள்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) பார்த்தபோது 8ஐ ஒட்டி இருந்தது. இட்லிப்பூ விரும்புவது 5.5 முதல் 6.5 வரை.

இதைவிட முக்கியமான விஷயம் சமையலறையில் இருந்தது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை அத்தை ஒரு சொட்டு வீணாக்காமல் வாளியில் பிடித்துப் பால்கனிச் செடிகளுக்கு ஊற்றி வந்தார். 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்காக இந்த ஊரே காத்துக் கிடந்த கோடைக்குப் பிறகு வந்த பழக்கம். சென்னையில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு, அதன் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆர்.ஓ. என்ன செய்கிறது? நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பும் பைகார்பனேட்டும் எல்லாவற்றையும் மீதித் தண்ணீரில் சேர்த்து அனுப்புகிறது. அந்தத் தண்ணீரில் மீட்டர் 1,900ஐத் தாண்டியது, சொட்டு 25 ஆனது. இட்லிப்பூவுக்குக் கிடைத்து வந்தது இதுதான். ஹாலில் பீஸ் லில்லிக்கோ, அது டைனிங் டேபிள் பக்கத்தில் இருப்பதால், பாட்டிலில் மிச்சமான ஆர்.ஓ. குடிநீர். மெக்னீசியமும் சுண்ணாம்பும் ஏறக்குறைய வடிகட்டிய தண்ணீர். ஒரே மெஷினின் இரண்டு குழாய், இரண்டு செடிக்கு இரண்டு விதமான குறை.

இரும்பு இருந்தும் கிடைக்காதது

இதைப் புரிந்துகொண்டால் ஆணி ஏன் உதவவில்லை என்பதும் புரியும். நர்சரியிலிருந்து வாங்கும் செம்மண் சிவப்பாக இருப்பதே அதிலுள்ள இரும்பு ஆக்சைடால்தான். ஒரு தொட்டி செம்மண்ணில் அந்தச் செடிக்கு ஆயுள் முழுக்கத் தேவையானதைவிட அதிகமாக இரும்பு இருக்கிறது. ஆனால் வேர் உறிஞ்சுவது கரைந்த இரும்பை. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் இந்தத் துரு வடிவ இரும்பின் கரைதிறன் ஆயிரம் மடங்கு குறைகிறது. 6லிருந்து 8க்குப் போனால் பத்து லட்சம் மடங்கு. சாவி தொலைந்த பீரோவில் நகை இருப்பது மாதிரிதான். ஆணி துருப்பிடித்து அதே ஆக்சைடாகத்தான் மாறும், பீரோவில் இன்னும் கொஞ்சம் நகை சேரும், அவ்வளவுதான். எலும்புத்தூளும் இப்படியே. அது கால்சியம் பாஸ்பேட், காரமான மண்ணில் அதிகம் கரையாது. அடுப்புச் சாம்பல் இன்னும் மோசம், காரத்தை நேரடியாகவே ஏற்றும். முட்டை ஓடு மெதுவாக அதே திசையில் இழுக்கும். இந்த மூன்றையும் பால்கனித் தொட்டிகளுக்கு நிறுத்தச் சொன்னேன்.

எந்தச் சத்து என்று உறுதி செய்யும் சோதனை

கண்ணால் பார்ப்பது ஊகம்தான். இரும்பும் மாங்கனீசும் குறையும்போது இலை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளுக்கும். அதனால் இலையில் பூசிப் பார்க்கும் சோதனை செய்தேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உரக்கடையில் பெரஸ் சல்ஃபேட், சிங்க் சல்ஃபேட், மாங்கனீஸ் சல்ஃபேட் மூன்றும் சிறு பொட்டலங்களாக வாங்கினேன். பெரஸ் சல்ஃபேட்தான் நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது. வாங்கும்போது நிறம் பாருங்கள். வெளிர் பச்சைப் படிகமாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் அது காற்றுபட்டு மாறிவிட்டது, பயனில்லை. மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கரைத்தேன். இரும்புக்கு 200 மில்லி ஏ.சி. தண்ணீரில் முதலில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், பிறகு 1 கிராம் பெரஸ் சல்ஃபேட். மற்ற இரண்டுக்கும் அதே அளவு தண்ணீரில் அரை கிராம். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஷாம்பு, கரைசல் இலையில் உருண்டு ஓடாமல் பரவுவதற்காக. இட்லிப்பூவின் ஒரே கிளையில் ஒரே வயதுள்ள மூன்று மஞ்சள் இலைகளில் ஒவ்வொன்றுக்கு ஒரு கரைசலைத் தூரிகையால் பூசி, காம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நூல் கட்டினேன். நான்காவது இலையில் வெறும் தண்ணீர்.

ஒரு வாரத்துக்குள், இரும்பு பூசிச் சிவப்பு நூல் கட்டிய இலையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, தூரிகை நன்றாகப் பட்ட இடத்தில் அதிகம், படாத இடத்தில் இல்லை. மற்ற மூன்று இலைகளும் அப்படியே இருந்தன. அத்தை தினமும் காலையில் காபியோடு போய் அந்த இலையைப் பார்த்துவிட்டு வருவார். “டேய், செவப்பு நூலு பச்சையாயிடுச்சு” என்று போன் செய்தார். இட்லிப்பூவுக்கு இரும்புதான் என்று முடிவாகிவிட்டது. எலுமிச்சையில் இதே சோதனை கொஞ்சம் குழப்பமாகவே முடிந்தது. இரும்பு பூசிய இலையும் தெளிந்தது, துத்தநாகம் பூசியதும் ஓரளவு தெளிந்தது. இரண்டும் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். சிறுத்த இலை பிறகு பெரிதாகாது, துத்தநாகத்தின் பலன் அடுத்த கொழுந்தில்தான் முழுதாகத் தெரியும்.

முதல் வைத்தியம் தண்ணீருக்கு

ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு நிறுத்தினோம். அதை வீணாக்க வேண்டியதில்லை. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது. அரளிக்கு எப்போதாவது ஊற்றினால் தாங்கும், அதற்கு உப்பைச் சகிக்கும் குணம் உண்டு.

மாற்றாக ஏ.சி. தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் இது ஏறக்குறைய மழைநீர் மாதிரி. மீட்டரில் 20க்குள் இருந்தது, சோதனை மருந்தின் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. சென்னைப் புழுக்கத்தில் கோடை இரவு ஒன்றில் ஒரு படுக்கையறை ஏ.சி.யே ஒரு வாளியை ஒட்டித் தரும். வெளியே தொங்கிய வடிகுழாயை நீட்டி இருபது லிட்டர் கேனில் விட்டோம். கேனின் வாயைக் குழாய் நுழையும் அளவு மட்டும் விட்டு வலைத்துணி கட்டினோம். திறந்து கிடக்கும் சுத்தமான தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், இதில் சோம்பல் கூடாது.

ஏ.சி. தண்ணீரை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் பீஸ் லில்லிக்கு வந்த குறை எல்லாச் செடிக்கும் வரும். அதனால் மூன்று பங்கு ஏ.சி. தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தோம். கலவை மீட்டரில் 290 அளவில் நின்றது, காரத்தன்மை நாலு சொட்டுக்குள் அடங்கியது. மெக்னீசியமும் சுண்ணாம்பும் கொஞ்சம் இருக்கும், மண்ணைக் காரமாக்கும் அளவு பைகார்பனேட் இருக்காது. இட்லிப்பூ, எலுமிச்சை, செம்பருத்தி, ஹாலில் உள்ளவை எல்லாவற்றுக்கும் இந்தக் கலவைதான் இப்போது.

கலவையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு தொட்டியையும் ஒருமுறை கழுவினேன். அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடுவது. முதலில் வெளியே வந்த தண்ணீரில் மீட்டர் 3,000ஐத் தாண்டியது, கடைசியில் 600க்கு இறங்கியது. மேல்மண்ணில் வெள்ளைப் படலம் இருந்த ஓர் அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண்புழு உரம் போட்டேன். ஐப்பசியில் இந்த வேலையே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளை வெளியே நகர்த்தி வைத்தால் வானமே கழுவிவிடும்.

ஏ.சி. போடாத நாட்களில் தண்ணீர் போதவில்லை. அப்போது போர் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் சேர்த்தோம். கணக்கு இதுதான்: லிட்டருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மையில் ஐந்தில் நாலு பங்கை முறிக்க ஏறக்குறைய 0.3 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். பத்து லிட்டர் வாளிக்கு 3 கிராம். சிறு டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. கலந்து அரை மணி விட்டுவிட்டு பி.எச். தாளில் 6க்கும் 6.5க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும். உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அளவு மாறும், என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். இது தற்காலிக ஏற்பாடுதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்று தீர்த்ததும் காரத்தன்மையில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும். அதனால் எப்போதும் இதையே நம்பி இருக்கக் கூடாது. பெரிய பண்ணைகளில் கந்தக அமிலம் கலப்பார்கள், வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பிறகு இரும்பு

கரையும் இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் பொருளுக்குச் சீலேட் என்று பெயர். கடையில் இரண்டு வகை முக்கியமாகக் கிடைக்கும், இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவதுதான் பாக்கெட் உரம் பலிக்காததற்குப் பெரிய காரணம். மஞ்சள் தூளாக வரும் இ.டி.டி.ஏ. இரும்பு விலை குறைவு. ஆனால் மண்ணின் பி.எச். 6.5ஐத் தாண்டினால் பிடியை விட ஆரம்பிக்கும், அந்த இடத்தில் சுண்ணாம்பு போய் உட்கார்ந்துகொள்ளும், இரும்பு மறுபடியும் துருவாகிவிடும். சென்னைத் தொட்டி மண்ணில் இதை ஊற்றுவது காசுக்குக் கேடு, இலைமேல் தெளிக்க மட்டும் சரி. இன்னொன்று இ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு. கருஞ்சிவப்புக் குறுணையாக இருக்கும், தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாகக் கரையும். பி.எச். 9 வரை கூடத் தாங்கும். விலை அதிகம், ஆனால் கொஞ்சம் போதும்.

நான் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, ஓரடித் தொட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்றினேன். மண் ஈரமாக இருக்கும்போது, மாலையில். இந்தச் சீலேட் வெளிச்சம் பட்டால் சிதையும், அதனால் இலையில் தெளிப்பதற்கு ஏற்றதல்ல. சிந்தினால் டைல்ஸில் சிவப்புக் கறை பிடிக்கும், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, அவ்வளவே.

வேர் வழியாகப் போகும்வரை காத்திருக்காமல் இலைக்கும் ஒரு தெளிப்பு கொடுத்தேன். ஒரு லிட்டர் ஏ.சி. தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைந்ததும் 3 கிராம் பெரஸ் சல்ஃபேட், நாலு சொட்டு ஷாம்பு. வயலில் 5 கிராம் வரை போவார்கள், தொட்டிச் செடியின் மெல்லிய துளிருக்கு 3 போதும். போர் தண்ணீரில் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் டீ நிறமாகி அடியில் பழுப்பாகப் படியும். படிந்தது இலைக்குள் போகாது. கலக்கிய அன்றே தெளித்து முடிக்க வேண்டும். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. பூவில் பட்டால் துருக்கறை விழும், மொட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தெளித்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று தெளிப்பு. இட்லிப்பூவின் மஞ்சள் இலைகள் பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பின. ஓரம் கருகிய வெள்ளைத் துளிர்கள் திரும்பவில்லை, அவற்றைக் கிள்ளிவிட்டேன். அங்கிருந்து வந்த அடுத்த துளிர்கள் செம்பழுப்பாக மினுமினுத்துப் பின் பச்சையாக விரிந்தன. இட்லிப்பூவின் இயல்பான துளிர் நிறம் அதுதான். ஆடி முடிவதற்குள் கொத்துக் கொத்தாகப் பூ.

எலுமிச்சைக்கு இரும்போடு, தனி நாளில், லிட்டருக்கு 2 கிராம் சிங்க் சல்ஃபேட் தெளித்தேன். எலுமிச்சைத் தோட்டங்களில் இது இலையைச் சுடாமல் இருக்கப் பாதியளவு சுண்ணாம்பு சேர்ப்பார்கள், இந்தக் குறைந்த அளவுக்கு அது தேவைப்படவில்லை. கொழுந்து விரியும் சமயத்தில் தெளித்தால்தான் பலன் அதிகம், முற்றிய இலை உறிஞ்சாது. டி.ஏ.பி., 19:19:19 போன்ற பாஸ்பேட் உள்ள உரத்தோடு இந்தச் சல்ஃபேட்டுகளை ஒரே டப்பாவில் கலக்கக் கூடாது, கட்டியாகப் படிந்துவிடும்.

ஹாலில் இருந்தவை

பீஸ் லில்லியின் மஞ்சள் விளிம்புக்குத் தேவைப்பட்டது மெக்னீசியம். கணக்குப்படி இது நுண்ணூட்டம் இல்லை, இரண்டாம்நிலைச் சத்து. ஆனால் வீட்டுச் செடிகளில் நுண்ணூட்டக் குறை என்று நினைத்து வைத்தியம் செய்யப்படுவது பல நேரம் இதுதான். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை வேருக்கு ஊற்றினோம். ஆர்.ஓ. குடிநீரை நிறுத்திக் கலவைத் தண்ணீருக்கு மாற்றினோம். பழைய இலையின் விளிம்பு மஞ்சளாகவே இருந்தது, புதிதாக எந்த இலையும் மஞ்சளாகவில்லை. மணிபிளான்ட்டுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

எப்சம் உப்பு எல்லாச் செடிக்கும் நல்லது என்று பரவியிருக்கும் நம்பிக்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பால்கனிச் செடிகளுக்கு அதைத் தரக் கூடாது. கடின நீரில் மெக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே ஊற்றுவது இன்னும் உப்பைச் சேர்ப்பதுதான்.

அரிக்கா பாமை அத்தை ரொம்ப நாளாகக் கத்தரித்து வந்தார். அடி மட்டைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, கீற்றில் பொடிப் புள்ளிகளோடு நுனி காய்ந்து வரும், அழகு கெடுகிறதே என்று வெட்டிவிடுவார். இது சாம்பல்சத்துக் குறை. பனை வகைச் செடிகள் சாம்பல்சத்தைப் பழைய மட்டையிலிருந்துதான் எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கின்றன. மஞ்சள் மட்டையை வெட்டினால் அந்தச் சேமிப்பும் போய், அதற்கு மேலே உள்ள மட்டை மஞ்சளாகும். முழுதாகக் காய்ந்து பழுப்பான பிறகுதான் வெட்ட வேண்டும்.

“அப்போ நான் வெட்ட வெட்டத்தான் அது மஞ்சளாச்சா?”

“வெட்டாட்டாலும் ஆகியிருக்கும் அத்தை, கொஞ்சம் மெதுவா ஆகியிருக்கும்.”

சாம்பல்சத்து உரமான சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் சிறிதளவு மாதம் ஒருமுறை கொடுக்கிறோம். பனை வகை மெதுவாகத்தான் பதில் சொல்லும், ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

கறிவேப்பிலையும் மோரும்

அதே பால்கனி, அதே தண்ணீர், ஆனால் கறிவேப்பிலை மட்டும் கரும்பச்சையாக நின்றது. அத்தை அதற்கு வாரம் ஒருமுறை புளித்த மோர் ஊற்றுவார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். இதில் விஷயம் இருக்கிறது. நன்றாகப் புளித்த தயிரில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டி லாக்டிக் அமிலம் இருக்கும். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தாலும், அந்தப் போர் தண்ணீரின் பைகார்பனேட் முழுவதையும் முறித்து மீதியும் இருக்கும் அளவு அமிலம் அது. சிட்ரிக் அமிலத்தைத் தராசில் நிறுத்து நான் செய்ததை அத்தையின் பாட்டி குண்டானில் செய்திருக்கிறார். மோரே முழுக் காரணம் என்று சொல்லிவிட மாட்டேன், கறிவேப்பிலை இட்லிப்பூவைவிடக் கடினமான செடி. ஆனால் தரையிலும் பால்கனியிலும் இருக்கும் செடிகளுக்கு மோர் ஊற்றுவதைத் தொடருங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். ஹாலில் வேண்டாம், எறும்பும் சின்ன ஈக்களும் வரும், நாற்றமும் அடிக்கும்.

எச்சரிக்கையாக இரண்டு விஷயம். பெரஸ் சல்ஃபேட்டைக் குழந்தைகள் வாயில் வைத்தால் ஆபத்து, தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைக்கவே கூடாது. அடுத்தது போரான். அதன் குறைக்கும் நஞ்சாவதற்கும் இடைவெளி மிகக் குறுகியது, வெண்காரத்தை வாங்கிக் கண்ணளவில் தூவுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்தக் குறை உண்மையில் இருந்தால் கலவைப் பாக்கெட்டில் இருக்கும் சிறு அளவே போதும்.

இப்போது அத்தை வீட்டில் வழக்கமாக நடப்பது கலவைத் தண்ணீர் மட்டும்தான். மொட்டைமாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்திருக்கிறோம், முதல் மழையைத் தூசியோடு போகவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிக்கிறோம். ஏ.சி. ஓடாத மார்கழி, தை மாதங்களுக்கு அது உதவும். சீலேட் இரும்பை இனிமேல் துளிர் மறுபடி வெளுத்தால் மட்டுமே கொடுப்பது என்று முடிவு. எலுமிச்சை இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆவணியில் வந்த கொழுந்து பழையதைவிட அகலம், ஆனாலும் சில இலைகளில் திட்டு இருக்கிறது. மழை முடிந்து அடுத்த கொழுந்து விடும்போது துத்தநாகம் இன்னொரு தெளிப்பு கொடுக்க வேண்டும், அந்தத் தொட்டியின் மண்ணையும் பி.எச். தாளில் மறுபடி பார்க்க வேண்டும்.